கச்சா எண்ணெய், கோகோ, தங்கம் பற்றிய விலைச் செய்திகளை அடிப்படைப் பொருளாதாரக் கருத்துகளைக் கொண்டு எப்படிப் புரிந்துகொள்வது?

தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி (விலை மாறும்போது தேவையும் அளிப்பும் எந்த அளவுக்கு மாறுகின்றன என்பது) ஆகியவற்றைப் பாடமாகப் படித்த பிறகும், உலகச் சந்தை பற்றிய செய்திகளோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கவனித்தவரை இதற்கு முதன்மையான காரணம், விலை மாற்றத்தையே காரணமாக எடுத்துக்கொண்டு அங்கிருந்து யோசிக்கத் தொடங்குவதுதான். தேவை கூடினாலும் விலை ஏறும். அளிப்பு குறைந்தாலும் விலை ஏறும். இவ்விரண்டில் எது நடந்தது என்பதை விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்கி விற்கப்பட்ட அளவு கூடியதா, குறைந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைப்பில் விலை மட்டுமே இருக்கும். அளவு பற்றிய தகவல் செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

கச்சா எண்ணெயின் இரண்டு சரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்ட விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் 40 டாலருக்குக் கீழே போனது. 2014 ஜூனில் 110 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் சரிவின்போது உலகம் பயன்படுத்திய எண்ணெயின் அளவு குறைந்தது. நிதி நெருக்கடியால் தொழிற்சாலைகளும் போக்குவரத்தும் சுருங்கியதால், அதாவது தேவை குறைந்ததால், விலை விழுந்தது. இரண்டாவது சரிவின்போது, 2015-இல், உலகின் எண்ணெய்ப் பயன்பாடு நன்றாகவே உயர்ந்தது. அமெரிக்காவில் பாறைப்படிவ (ஷேல்) எண்ணெய் உற்பத்தி பெருகியிருந்தது. 2014 நவம்பரில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கின் உறுப்பு நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஆக, மிகுதியான அளிப்பே விலையைக் கீழே தள்ளியது. முதலாவதை உலகப் பொருளாதாரம் நலிவதன் அடையாளமாகக் கொள்வது சரி. இரண்டாவதையும் அப்படியே கொள்வது, எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடுகளுக்குக் கிடைத்த பெரும் சலுகையைக் கெட்ட செய்தியாகப் படிப்பதாகும்.

அடுத்து நெகிழ்ச்சி. இதற்குக் கோகோவை விடப் பொருத்தமான உதாரணம் அண்மைக் காலத்தில் கிடைக்கவில்லை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. 2023–24 பருவத்தில் மழைக் கோளாறு, நோய்த் தாக்குதல், வயதான மரங்கள் எல்லாம் ஒன்றுசேர, உலக விளைச்சல் முந்தைய பருவத்தை விடப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை குறைந்தது. விலையோ 2023 தொடக்கத்தில் ஒரு டன்னுக்கு 3,000 டாலருக்குக் கீழே இருந்து 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. விளைச்சல் குறைந்த விகிதத்துக்கும் விலை ஏறிய விகிதத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதைப் பார்த்து, இது முழுக்க ஊக வணிகர்களின் வேலை என்று பலர் எழுதினார்கள். ஊக வணிகத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் குறுகிய காலத்தில் தேவையும் அளிப்பும் இரண்டுமே வளைந்துகொடுக்காத ஒரு பொருளில் இத்தகைய ஏற்றம் வர அவர்கள் தேவையே இல்லை. கோகோ மரம் நட்டுக் காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். சாக்லேட் நிறுவனங்களோ வேறு மூலப்பொருளுக்கு உடனே மாற முடியாது; ஒரு சாக்லேட் துண்டின் விலையில் கோகோவின் பங்கு சிறியது என்பதால் நுகர்வோரும் உடனடியாக வாங்குவதை நிறுத்திவிடுவதில்லை. குறைந்திருக்கும் சரக்கை இவர்களுக்குள் பங்கிட விலை பல மடங்கு ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை ஏறினால் உற்பத்தியாளர் அதிகம் விளைவிப்பார் என்பது பாடநூல் விதி. ஆனால் அந்த விலை உற்பத்தியாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? ஐவரி கோஸ்ட்டில் விவசாயிக்கான விலையை அரசு பருவத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. விளைச்சலின் பெரும் பகுதி முன்கூட்டியே விற்கப்பட்டுவிடுகிறது. 2024 ஏப்ரலில் அந்த விலை கிலோவுக்கு 1,000 சி.எஃப்.ஏ. பிராங்கிலிருந்து (அந்நாட்டு நாணயம்) 1,500 பிராங்காக உயர்த்தப்பட்டது. அது டன்னுக்கு ஏறத்தாழ 2,500 டாலர். அதே காலத்தில் நியூயார்க் சந்தையில் விலை 10,000 டாலர். இந்த இடைவெளியால்தான் கோகோ மூட்டைகள் எல்லை தாண்டி அண்டை நாடுகளுக்குக் கடத்தப்பட்டன. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்ததும் அதே விலைச் சமிக்ஞைதான். காலம் கூடக் கூட நெகிழ்ச்சியும் கூடும் என்ற விதியும் பொய்க்கவில்லை: நிறுவனங்கள் சாக்லேட்டின் அளவைக் குறைத்தன, கோகோவின் விகிதத்தைக் குறைத்தன, பிற நாடுகளில் நடவு பெருகியது, 2025 முடிவதற்குள் விலை உச்சத்திலிருந்து பாதியாகிவிட்டது.

மூன்றாவதாக, செய்தி எந்த விலையைச் சொல்கிறது என்று பாருங்கள். 2020 ஏப்ரல் 20 அன்று "எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது" என்று உலகமே பேசியது. உண்மையில் அன்று மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, மறுநாள் காலாவதியாகவிருந்த, டபிள்யூ.டி.ஐ. என்ற அமெரிக்கக் கச்சா எண்ணெய் வகையின் மே மாத முன்பேர ஒப்பந்தம் (பின்னொரு தேதியில் சரக்கைப் பெற இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) மட்டுமே. அதை வைத்திருந்தவர், ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற இடத்தில் எண்ணெயை நேரடியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கிருந்த கிடங்குகளில் வாடகைக்கு இடமில்லை. வைக்க இடமில்லாத சரக்கைக் கையில் வைத்திருப்பவர், அதை எடுத்துக்கொள்பவருக்குக் காசும் சேர்த்துக் கொடுக்கத்தான் வேண்டும். அதே நாளில் ஜூன் மாத ஒப்பந்தம் 20 டாலருக்கு மேலும், கடல்வழியாகக் கொண்டுசெல்லக்கூடிய பிரென்ட் என்ற வடகடல் எண்ணெய் 25 டாலர் அளவிலும் விற்பனையாகின. பற்றாக்குறை என்பது அன்று எண்ணெய்க்கு இல்லை, கிடங்குக்குத்தான் இருந்தது. இடமும் தேதியும் வேறானால் பொருளும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

கோபால்ட் பற்றிச் சுருக்கமாக: அது பெரும்பாலும் செம்பு, நிக்கல் சுரங்கங்களின் துணைப்பொருள். ஆகவே அதன் விலை விழுந்தாலும், செம்புக்கு நல்ல விலை இருக்கும்வரை, கோபால்ட் தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். உலக உற்பத்தியில் மிகப் பெரும் பங்கை வைத்திருக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசு, 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியையே நிறுத்தியதற்கு இதுவே பின்னணி. விலை தானாக அளிப்பைக் குறைக்காத இடத்தில் அரசு குறைத்தது.

ஏற்றுமதித் தடைச் செய்திகளில், ஒரு நாட்டின் உற்பத்திப் பங்கைப் பார்க்காமல் அதன் வணிகப் பங்கைப் பார்க்க வேண்டும். உலகில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு அளவே எல்லை தாண்டுகிறது. அந்தச் சிறு பங்கில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தபோது, உலக விலை 15 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது அதனால்தான். உள்நாட்டில் விலை குறைய வேண்டும் என்பதே தடையின் நோக்கம். அதற்கான செலவைப் பிற நாட்டு நுகர்வோரும் உள்நாட்டு விவசாயியும் பகிர்ந்துகொண்டார்கள் என்பது செய்திகளில் அரிதாகவே வந்தது.

நாணயத்தையும் மறக்க வேண்டாம். 2022 ஜூனில் பிரென்ட் எண்ணெய் 120 டாலர் அளவில் இருந்தபோது, "2008-இன் உச்சத்தை இன்னும் தொடவில்லை" என்ற வரி அடிக்கடி வந்தது. டாலரில் அது உண்மை. ஆனால் 2008-இன் 147 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 93 யூரோ. 2022-இல் யூரோவின் மதிப்பு விழுந்திருந்ததால், 120 டாலர் என்பது 110 யூரோவுக்கு மேல். ஐரோப்பியர்களைப் பொறுத்தவரை பழைய உச்சம் எப்போதோ கடந்துவிட்டது.

தங்கத்துக்கு வரும்போது மேற்சொன்ன கருவிகளைக் கொஞ்சம் மாற்றிப் பிடிக்க வேண்டும். இதுவரை தோண்டியெடுக்கப்பட்ட தங்கம் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் அழியாமல் இருக்கிறது. ஆண்டுதோறும் சுரங்கங்களிலிருந்து வருவது அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. எனவே சுரங்கச் செய்திகளை வைத்து விலையைக் கணிப்பதில் பயனில்லை; ஏற்கெனவே இருப்பதை வைத்திருக்க யார் விரும்புகிறார்கள் என்பதே கேள்வி. தங்கம் வட்டி தராது. ஆகவே பணவீக்கத்தைக் கழித்த மெய் வட்டி உயர்ந்தால் தங்கத்தை வைத்திருப்பதன் வாய்ப்புச் செலவு (அதற்காகக் கைவிடும் வட்டி) கூடி, விலை இறங்க வேண்டும். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஆனால் 2022-க்குப் பிறகு அமெரிக்காவில் மெய் வட்டி கடுமையாக உயர்ந்தும் தங்கம் ஏறியது. ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2022-இல் மேற்கத்திய நாடுகளால் முடக்கப்பட்டதும், அதன்பின் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கியதும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்பது என் கணிப்பு. அவ்வங்கிகள் வட்டி நழுவுகிறதே என்று கணக்குப் பார்த்து வாங்கவில்லை. வேறொரு நாட்டின் உத்தரவால் முடக்க முடியாத சொத்து என்பதற்காக வாங்கின. அந்தப் பாதுகாப்பின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தால், வாய்ப்புச் செலவு என்ற கருத்து இங்கும் செல்லுபடியாகவே செய்கிறது.