கதிர்வீச்சு முடிந்தபின் அப்பாவின் வயிறு வீங்குவது பற்றி

கல்லீரலில் கதிர்வீச்சு முடிந்த ஆறாவது வாரம் அப்பாவுக்கு வயிறு வீங்குகிறது, காமாலை இல்லை, இரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி மட்டும் ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய் திரும்பிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கதிர்வீச்சால் வரும் கல்லீரல் பாதிப்பும் பெரும்பாலும் 2 வாரத்திலிருந்து 4 மாதத்துக்குள் இப்படித்தான் தலைகாட்டும்.

கதிர் பட்டுச் சிதைந்த செல்களைக் கண்டதும், கல்லீரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அழற்சியைக் கிளப்பிவிடும்; அப்புறம் தழும்பு விழும், சின்னச் சின்ன இரத்தக்குழாய்கள் அடைபடும். அதனால் எதிர்ப்புச் சக்திக்கென்று கஷாயம் எதுவும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குப் பரிசோதனை செய்தார்களா? உள்ளே அடங்கிக் கிடந்த அந்த வைரஸ் இந்தச் சிகிச்சைக்குப் பின் விழித்துக்கொள்வது உண்டு. அதற்கு மாத்திரை இருக்கிறது. நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். பேச்சில் குழப்பம் தெரிந்தால் இரவென்றும் பார்க்காமல் கூட்டிப்போங்கள்.