‘ஃபுட் கிரேட்’ ஃப்ளேவர் நுரையீரலுக்கும் ஏற்றதா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். என் கணவர் பல வருஷப் பழக்கமான சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியை உள்ளிழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறியிருக்கிறார். கஸ்டர்டு, வெண்ணிலா ஃப்ளேவர்தான் அவருக்குப் பிடிக்கும். ‘கேக்கில் போடுகிற அதே ஃபுட் கிரேட் ஃப்ளேவர்தான், பயமே வேண்டாம்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. ‘ஃபுட் கிரேட்’ என்றால் சாப்பிட்டால் கெடுதல் இல்லை என்று மட்டும்தான் பொருள். வயிற்றுக்குள் போவதை ஜீரணித்து, கல்லீரல் வடிகட்டித்தான் உடம்பு ஏற்கிறது. சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியோ நேரே நுரையீரலின் மெல்லிய சவ்வில் போய்ப் படிகிறது. தங்கள் பாதுகாப்பு மதிப்பீடு உணவுக்கு மட்டுமே, வேப்புக்குப் பொருந்தாது என்று அமெரிக்க ஃப்ளேவர் உற்பத்தியாளர் சங்கமே சொல்லியிருக்கிறது.

இதற்கு மோசமான முன்னுதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த 8 பேருக்கு அபூர்வமான நுரையீரல் நோய் வந்திருப்பது 2000-ல் தெரியவந்தது. மிக நுண்ணிய மூச்சுக்குழல்களில் தழும்பு விழுந்து அவை சுருங்கிப்போகும் நோய் அது. சுருங்கியது திரும்ப விரியாது. ஆராய்ந்தபோது சந்தேகம் விழுந்தது டயசெடைல் மேல். வெண்ணெய் வாசனை தருவது அதுதான். நாம் சாப்பிடும் வெண்ணெயிலும் இயற்கையாகவே இருக்கிறது. சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்கள்தான் மூச்சுக்குத் திணறினார்கள். கஸ்டர்டு, கேரமல் மாதிரி வாசனைகளுக்கும் இதே பொருள் பயன்பட்டது. 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சந்தையில் கிடைத்த 51 வகை வேப் ஃப்ளேவர்களைச் சோதித்தபோது 39-ல் டயசெடைல் இருந்தது.

பதறவேண்டாம். பிரிட்டனில் நிகோட்டின் உள்ள வேப் திரவங்களில் டயசெடைல் சேர்க்கத் தடை இருக்கிறது. தவிர, சிகரெட் புகையிலும் டயசெடைல் உண்டு, அதுவும் அதிகமாகவே. அதனால் உங்கள் கணவர் சிகரெட்டுக்குத் திரும்பவே கூடாது. புகைப்பதைவிட வேப் கெடுதல் குறைவு என்றுதான் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்கிறது. கெடுதலே இல்லை என்று அதுவும் சொல்லவில்லை.

வாங்கும்போது ஏமாறும் இடம் வேறு. ‘ஷார்ட்ஃபில்’ என்று பெரிய பாட்டில்கள் விற்கிறார்களே, 50 மில்லி அளவில், நிகோட்டின் 0 என்று போட்டு? நிகோட்டின் இல்லை என்பதால் இதுதான் பத்திரம் என்று பலரும் எடுக்கிறார்கள். உண்மையில் வேப்புக்கான விதிகள் நிகோட்டின் உள்ள திரவத்துக்கு மட்டுமே எழுதப்பட்டவை. டயசெடைல் தடையும் அப்படித்தான். ஷார்ட்ஃபில் சாதாரணப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. நானாக இருந்தால் 10 மில்லி பாட்டிலைத்தான் வாங்கச் சொல்வேன். நிகோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ-வின் பட்டியலில் அந்தப் பொருளின் பெயர் இருக்கவேண்டும். அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கக்கூடியதுதான். ஆனால் பட்டியலில் இருப்பது பதிவு செய்ததற்கு அடையாளமே தவிர, சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை.

பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், அதற்கப்புறம் பெரும்பாலும் ‘ஃப்ளேவரிங்’ என்று ஒரே ஒரு சொல். அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். டயசெடைலுக்குப் பதிலாக வந்த பென்டேன்டையோனும் நுரையீரலைப் பாதிக்கக்கூடியதே. அதனால் ‘டயசெடைல் இல்லை’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், இதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வராத கம்பெனியின் பொருள் வேண்டாம். லவங்கப்பட்டை ஃப்ளேவரையும் நான் தவிர்க்கச் சொல்வேன்; அதன் மணப்பொருள் சளியை வெளியே தள்ளும் நுண்ணிய இழைகளின் அசைவைத் தடுப்பதாக ஆய்வக சோதனைகளில் தெரிந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் கேக் எசன்ஸை, முக்கியமாக எண்ணெய்ப் பசை உள்ளதை, ஒரு சொட்டுகூடக் கலக்க விடாதீர்கள். எண்ணெய் நுரையீரலில் தங்கினால் நிமோனியாவில் போய் நிற்கும்.

ஃப்ளேவரே இல்லாத திரவமும் கிடைக்கிறது. அவர் ஒத்துக்கொண்டால் அதுதான் நல்லது. வறட்டு இருமலோ, படியேறும்போது மூச்சு வாங்குவதோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன ஃப்ளேவர் என்பதையும் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேப்பையும் விட என்எச்எஸ்ஸின் புகை நிறுத்தும் சேவை உதவும், அதற்குக் காசு கிடையாது.

கேள்வி: அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறோம். வேப்பைக் கொண்டு போகலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் 2019-ம் வருடச் சட்டப்படி இறக்குமதி, விற்பனை, சேமித்து வைப்பது எல்லாமே குற்றம். சிங்கப்பூர் வழியாகப் போனால் இன்னும் கவனம், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். பயணத்துக்கு நிகோட்டின் பேட்சோ சூயிங்கமோ போதும். சூயிங்கம் சென்னை மருந்துக் கடைகளிலும் கிடைக்கும்.