அமெரிக்கால சர்ச்சும் சர்க்காரும்: டெக்சாஸ் வந்த தம்பியோட கேள்விக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். டல்லாஸ் பக்கம் வந்து நாலு மாசம் ஆகுது, பையன் செகண்ட் கிரேடு, தினமும் காலைல கொடியப் பாத்து சொல்ற உறுதிமொழில கடவுள் பேரு வருது, கிளாஸ் சுவத்துல பைபிளோட பத்துக் கட்டளைய ஒட்டிருக்காங்க, எலக்‌ஷன்ல நிக்குறவங்க இயேசு பேரச் சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறாங்க, "அரசு வேற மதம் வேறன்னு அமெரிக்காவப் பத்தி நாம படிச்சதெல்லாம் பொய்யா அக்கா, நான் ஸ்கூல்ல போய் பேசினா பையன ஒதுக்கிருவாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. நான் மதுரைக்காரி, ஹூஸ்டன் பக்கம் வந்து 24 வருஷம் ஆச்சு, ரெண்டு பிள்ளைங்கள இதே டெக்சாஸ் பப்ளிக் ஸ்கூல்ல படிக்க வச்சு முடிச்சவ, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

பொய் இல்ல தம்பி. ஆனா நாம ஊர்ல இருந்து கொண்டு வர்ற அர்த்தம் வேற, இங்க இருக்குற அர்த்தம் வேற. "செக்யூலர்"ங்கிற வார்த்தையே இவங்க அரசியல் சட்டத்துல கிடையாது. 1791ல சேத்த முதல் திருத்தத்துல மதத்தப் பத்தி ரெண்டே விஷயம் தான் சொல்லிருக்கு, எந்த மதத்தையும் அரசு மதமா நிறுவுற மாதிரி சட்டம் போடக்கூடாது, யாரோட வழிபாட்டையும் தடுத்து சட்டம் போடக்கூடாது. இந்த ரெண்டும் கட்டிப்போடுறது அரசத்தான், ஆளுங்கள இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள சர்ச்சுக்கு கூப்பிடலாம், மேடைல நிக்குற அரசியல்வாதி தன் நம்பிக்கையப் பத்தி எவ்வளவு வேணாலும் பேசலாம், ரோட்டோரம் பைபிள் வசனம் போட்டு போர்டு வைக்கலாம். அரசாங்க சம்பளம் வாங்குற டீச்சர் கிளாஸ்ல நின்னு உங்க பையன ஜெபம் பண்ண வைக்கத்தான் கூடாது. கோடு விழுற இடம் அது.

"சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவுல சுவர்"னு சொல்றாங்கல்ல, அதுவும் அரசியல் சட்டத்துல இல்ல, 1802ல ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெபர்சன் கனெக்டிகட் மாநிலத்து டேன்பரி ஊர் பாப்டிஸ்ட் ஆளுங்களுக்கு எழுதின ஒரு லெட்டர்ல வர்றது. யாரு அந்த பாப்டிஸ்ட்? அவங்களும் கிறிஸ்தவங்க தான், ஆனா கனெக்டிகட்ல அப்போ இன்னொரு சர்ச் தான் அரசாங்க சர்ச், அதுக்கு எல்லாரும் வரி கட்டணும், கட்டாம இருக்கணும்னா நான் வேற சபைன்னு சர்டிபிகேட் எழுதிக் குடுக்கணும். வர்ஜினியால லைசென்ஸ் இல்லாம பிரசங்கம் பண்ணாங்கன்னு பாப்டிஸ்ட் போதகர்கள புடிச்சு ஜெயில்ல போட்டிருக்காங்க. வர்ஜினியால நடந்த இதப் பக்கத்துல இருந்து பாத்த ஜேம்ஸ் மேடிசன் தான் பின்னால முதல் திருத்தத்த எழுதுறதுல முன்னாடி நின்னவரு. ஆக இந்தச் சுவர வேணும்னு கேட்டவங்க சாமி இல்லன்னு சொன்னவங்க இல்ல, ரொம்ப சாமி கும்பிடுறவங்க, எண்ணிக்கைல சின்ன கூட்டம். அந்தக் காலத்து பாப்டிஸ்ட் இருந்த இடத்துல தான் இன்னைக்கு நீங்களும் நானும் இருக்கோம், அதனால இந்த நாட்டுச் சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான்.

என் வீட்டுல நடந்தத சொல்றேன். 2011ல என் மக மூணாவது படிச்சா. ஒரு நாள் சாயங்காலம் தயிர்சாதம் வச்சுக் குடுத்தேன், தட்ட தொடாம கண்ண மூடி கையக் கோத்துக்கிட்டு ஏதோ முணுமுணுத்து "ஆமென்"னு சொல்லிட்டு சாப்பிட ஆரம்பிச்சா. என்னடா செல்லம்னு கேட்டேன். லஞ்சுக்கு முன்னாடி மிஸ் எல்லாரையும் சொல்லச் சொல்வாங்க, சொல்லாதவங்க லைன்ல கடைசில தான் நிக்கணும்மான்னா. எனக்கு ஜெபம் பண்ணதுல ஒண்ணுமே வருத்தம் இல்ல தம்பி, நானே சின்ன வயசுல கிறிஸ்தவ ஸ்கூல்ல படிச்சு பாட்டெல்லாம் பாடினவ தான், ஆனா அந்த "கடைசில தான் நிக்கணும்"ங்கிறது இருக்கு பாருங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் பிரின்சிபால்கிட்ட போனேன், குரல் நடுங்குச்சு, இருந்தாலும் நடந்தத நடந்தபடி சொன்னேன். அவங்க ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "இது நடந்திருக்கவே கூடாது, நான் பாத்துக்கிறேன்"னாங்க, அடுத்த நாளே நின்னு போச்சு, என் மகள யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கு மேல ஒண்ணு, எங்க தெருவுல ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா, ஞாயித்துக்கிழமை தவறாம பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு போறவங்க, விஷயம் தெரிஞ்சதும் என் கையப் புடிச்சு "நீ கேட்டது சரி, என் பேரனுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்குறது என் வேலை, கவர்மென்ட் வேலை இல்ல"ன்னாங்க. ஜெபர்சனுக்கு எழுதின பாப்டிஸ்ட் கூட்டத்தோட குரல் இன்னும் உயிரோட இருக்குன்னு பல வருஷம் கழிச்சு இந்த வரலாறப் படிச்சப்போ தான் எனக்கு புரிஞ்சுது.

சரி, உங்க பையன் விஷயத்துக்கு வருவோம். உறுதிமொழில "கடவுளின் கீழ்"ங்கிறது முதல்ல இருந்து இருந்ததில்ல, 1954ல ஜனாதிபதி ஐசனாவர் காலத்துல, ரஷ்யாவோட பனிப்போர் நடந்தப்போ சேத்தது. டாலர் நோட்டுல இருக்குற "கடவுளை நம்புகிறோம்" தேசிய வாசகம் ஆனதும் 1956ல தான். டெக்சாஸ் கொடிக்குன்னு தனியா ஒரு உறுதிமொழி இருக்கு, பையன் ரெண்டாவதா சொல்றது அது தான், அதுல கடவுள் வந்தது 2007ல. ஆனா எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தி சொல்ல வைக்க முடியாது, 1943லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைங்க கொடிக்கு சல்யூட் அடிக்க மாட்டோம்னு நின்ன வழக்கு, உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கப்போ வந்த தீர்ப்பு அது. டெக்சாஸ்ல பெத்தவங்க ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்தா பையன் சொல்லாம இருக்கலாம், சட்டமே அப்படித்தான் இருக்கு. நான் எழுதிக் குடுக்கல, என் பிள்ளைங்க சொல்லிட்டு தான் இருந்தாங்க, "கடவுள்"னா உனக்கு மீனாட்சின்னு வச்சுக்கோன்னேன். உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா தாராளமா எழுதுங்க.

ஸ்கூல் ஜெபம் 1962லயே முடிஞ்ச கதை. நியூயார்க்ல அரசு அதிகாரிங்களே எந்த மதத்துப் பேரும் இல்லாம 22 வார்த்தைல ஒரு ஜெபம் எழுதி குடுத்தாங்க, விருப்பம் இல்லாதவங்க சொல்ல வேணாம்னும் சொன்னாங்க, அப்பவும் சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல, ஜெபம் எழுதுறது அரசாங்கத்தோட வேலையே இல்லன்னுச்சு. அடுத்த வருஷமே ஸ்கூல்ல பைபிள் வாசிக்க வைக்கிறதும் போச்சு. அதுக்காக பையன் தானா பரீட்சைக்கு முன்னாடி பிள்ளையாரக் கும்பிட்டா எந்த டீச்சரும் தடுக்க முடியாது, அது அவன் உரிமை.

பத்துக் கட்டளை தான் இப்போ சூடா இருக்குற விஷயம். 1980ல கென்டக்கி மாநிலம் இதே மாதிரி கிளாஸ்ல மாட்டணும்னு போட்ட சட்டத்த சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லுச்சு. 40 வருஷத்துக்கு மேல அதோட இருந்துச்சு. 2022ல வாஷிங்டன் மாநிலத்து ஃபுட்பால் கோச் ஒருத்தர் மேட்ச் முடிஞ்சதும் மைதானத்து நடுவுல முட்டி போட்டு ஜெபம் பண்ணதுக்கு, அது அவரோட தனி உரிமைன்னு 6க்கு 3னு தீர்ப்பு வந்துச்சு, அரசு மதத்தோட எந்த அளவுக்கு ஒட்டலாம்னு அதுவரைக்கும் பாத்த பழைய அளவுகோலையே கோர்ட் ஓரம் வச்சிருச்சு. அதுல இருந்து சில மாநிலங்களுக்கு தைரியம் வந்துச்சு, 2024ல லூசியானா, 2025ல டெக்சாஸ், கிளாஸுக்கு கிளாஸ் பத்துக் கட்டளை போஸ்டர் மாட்டணும்னு சட்டம் போட்டாங்க, டெக்சாஸ்ல அது குறைஞ்சது 16க்கு 20 இஞ்ச். உடனே வழக்கும் போட்டாங்க, போட்டவங்கள்ல யூதர், இந்து, சாமி நம்பாதவங்க மட்டும் இல்ல, கிறிஸ்தவ போதகர்களே இருக்காங்க, 2025ல சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல ஜட்ஜுங்க தடையும் குடுத்தாங்க. சுவர் இப்போ அங்கங்க பேந்துக்கிட்டு இருக்குங்கிறத நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல, எனக்கு அதுல உண்மையாவே கவலை இருக்கு.

ஏன் கவலைன்னா, அந்தப் போஸ்டரோட ஆரம்பத்த எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாருங்க. என்னைத் தவிர வேற தெய்வம் உனக்கு கூடாது, சிலை செஞ்சு வணங்கக்கூடாது. ஏழு வயசுப் பையன், காலைல வீட்டுல பிள்ளையாருக்கு ரெண்டு அருகம்புல் வச்சுட்டு திருநீறோட ஸ்கூலுக்கு வந்து, தினமும் அதுக்கு எதிர்ல உக்காந்து கணக்கு போடுறான். சர்ச்சுல இருந்தா அது அவங்க வேதம், நானும் மரியாதையா தலை குனிவேன். கவர்மென்ட் சுவத்துல இருந்தா அது கவர்மென்ட் என் பையன்கிட்ட சொல்ற வார்த்தை. இன்னொண்ணும் இருக்கு, யூதர், கத்தோலிக்கர், ப்ராட்டஸ்டன்ட் மூணு பேரும் இந்தப் பத்த வேற வேற மாதிரி எண்ணுறாங்க, அப்போ யாரோடத மாட்டுறதுன்னு அரசு ஒரு பக்கம் சேர வேண்டியிருக்கு. 1844ல பிலடெல்பியாவுல பப்ளிக் ஸ்கூல்ல யாரோட பைபிள வாசிக்கிறதுங்கிற சண்டைல ஆரம்பிச்சு கலவரமாகி, ஆளுங்க செத்து, ரெண்டு கத்தோலிக்க சர்ச்ச எரிச்சிருக்காங்க. கிறிஸ்தவங்களுக்குள்ளயே நடந்தது இது.

நம்ம ஊரோட ஒப்பிட்டா இன்னும் தெளிவா புரியும். அங்க மீனாட்சி கோயிலே அறநிலையத்துறை கீழ தான், அதிகாரி போடுறதும் உண்டியல் எண்ணுறதும் அரசு கண்காணிப்புல. கோயில் சொத்து கொள்ளை போகக்கூடாதுன்னு வந்த ஏற்பாடு அது, அதுக்கு அதோட நியாயம் இருக்கு, அத இங்க வாதாடல. ஆனா இங்க அப்படி ஒரு துறைய நினைச்சே பாக்க முடியாது. எங்க பக்கத்து சின்னக் கோயில நாங்களே நடத்துறோம், வரிவிலக்கு வாங்கின லாப நோக்கமில்லாத அமைப்பு, பக்தருங்க ஓட்டு போட்டு கமிட்டி தேர்ந்தெடுப்போம், குருக்கள் சம்பளத்துல இருந்து மடப்பள்ளி கேஸ் பில் வரைக்கும் நாங்க தான். மண்டபம் பெருசாக்க சிட்டில அனுமதி கேட்டோம், அந்த விசாரணைக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு போய் உக்காந்திருந்தேன். எத்தன கார் வரும், மழைத்தண்ணி எங்க போகும், கும்பாபிஷேகத்தன்னைக்கு மைக் சத்தம் எத்தன மணி வரைக்கும், இதத்தான் கேட்டாங்க. ஒருத்தர் எழுந்து நம்ம ஊருக்கு சிலை வணங்குற இடம் தேவையான்னு ஆரம்பிச்சார், தலைமை தாங்கின அம்மா அங்கயே நிறுத்தி "அது நாங்க பரிசீலிக்கக் கூடிய விஷயம் இல்ல, பார்க்கிங் பத்தி சொல்றதுக்கு இருந்தா சொல்லுங்க"ன்னாங்க. அவர் உக்காந்துட்டார். வழிபாட்டு இடங்கள நிலச் சட்டத்த வச்சு நசுக்கக்கூடாதுன்னு 2000ல கிளின்டன் கையெழுத்து போட்ட சட்டமே இருக்குன்னு அப்புறம் எங்க வக்கீல் சொன்னார்.

எங்களக் கட்டுற சட்டமும் ஒண்ணு இருக்கு. பொங்கலுக்கு ஒரு வேட்பாளர் கோயிலுக்கு வந்தார், சாமி கும்பிட்டார், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார், மைக் கேட்டார், வணக்கம் சொல்லிக்கலாம் ஓட்டு கேக்கக்கூடாதுன்னு கமிட்டி சொல்லிருச்சு. எங்க கோயில் மாதிரி வரிவிலக்கு வாங்குற அமைப்பு எதுவும் வேட்பாளருக்கு ஆதரவு குடுக்கக்கூடாதுன்னு 1954ல இருந்து சட்டம். 2025ல வரித்துறையே கோர்ட்ல, போதகர் தன் சபைக்குள்ள பேசுறத அப்படி எடுத்துக்க வேணாம்னு இறங்கி வந்துச்சு, எனக்கு அது பிடிக்கல, அப்படி விட்டா நாளைக்கு எங்க கோயிலுக்குள்ளயே கட்சி சண்டை வந்துரும்.

அரசியல்வாதிங்க இயேசு பேரு சொல்றதப் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க, ஓட்டு போடுறவங்கள்ல பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்க, பேச்சு அப்படித்தான் இருக்கும். 1960ல ஜனாதிபதி தேர்தல்ல நின்ன கென்னடி கத்தோலிக்கர்ங்கிறதால போப் பேச்ச கேட்டு நாட்ட ஆளுவாரோன்னு சந்தேகப்பட்டாங்க, அவர் இதே ஹூஸ்டனுக்கு வந்து போதகர்கள் முன்னாடி நின்னு சர்ச்சும் அரசும் முழுசா பிரிஞ்சிருக்கணும்னு பேசினார். பதவிக்கு மதப் பரீட்சை வைக்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. அதனால தான் 2007ல நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் முஸ்லிம் கீத் எலிசன் பதவிப் பிரமாணத்துக்கு ஜெபர்சன் வச்சிருந்த குர்ஆன் மேல கை வச்சாரு, நம்ம தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ராஜா கிருஷ்ணமூர்த்தி 2017ல பகவத் கீதை மேல கை வச்சாரு. 2007ல செனட்ல முதல் தடவையா ஒரு இந்து பிரார்த்தனை சொன்னப்போ மேல இருந்து சிலர் கூச்சல் போட்டாங்க, காவலர்கள் அவங்கள வெளிய கூட்டிட்டு போனாங்க, பிரார்த்தனை முழுசா நடந்துச்சு.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. முதல்ல பையன்கிட்ட பேசுங்க, பயமுறுத்தாம, இது அவங்க வீட்டு நம்பிக்கை, நம்ம வீட்டுல நம்ம நம்பிக்கைன்னு. விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும்னு ஸ்கூல்ல வைக்கிற பிரார்த்தனை நேரத்துக்கு சம்மதம் கேட்டு ஃபார்ம் வந்தா படிக்காம கையெழுத்து போடாதீங்க, நம்ம ஆளுங்க ஸ்கூல் பேப்பர் எது வந்தாலும் போட்டு அனுப்பிருவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சம்மர்ல பைபிள் ஸ்கூலுக்கு கூப்பிட்டா அது அன்புல கூப்பிடுறது, இஷ்டம் இருந்தா அனுப்புங்க, இல்லேன்னா நன்றி சொல்லிட்டு தீபாவளிக்கு முறுக்கு குடுங்க. டீச்சர் யாராவது பையன கட்டாயப்படுத்தினா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, தேதியும் நடந்ததும் எழுதி வச்சுக்கிட்டு, முதல்ல டீச்சர், அப்புறம் பிரின்சிபால், சண்டை தொனி இல்லாம ஈமெயில்ல. போஸ்டர் வழக்கு இப்போ எந்த நிலைல இருக்கு, உங்க டிஸ்ட்ரிக்ட் அதுல வருதான்னு பாக்கணும், டிஸ்ட்ரிக்ட் பேர எனக்கு தனியா அனுப்புங்க, வழக்குல இருக்குற பேர்களோட சேத்துப் பாத்து சொல்றேன், லெட்டர் எழுதணும்னா ஞாயித்துக்கிழமை போன்ல உக்காந்து சேந்தே எழுதுவோம்.