சாவித்திரியின் பொட்டு வட்டமாகத் தெரிகிறதா?

திருகோணமலையில் பழைய தமிழ்ப் படம் பார்க்கும் எங்கள் வட்டம் இந்த மாதத்தை நடிகை சாவித்திரிக்கு ஒதுக்கியிருக்கிறது. கேள்விகளைத் துண்டுக் கடதாசியிலும் வட்சப்பிலும் வாங்கினோம். பாதிக்கு மேல் ஜெமினி கணேசனைப் பற்றியும் குடியைப் பற்றியும் வந்தன. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் கீழே உண்டு. மற்றவற்றைக் கேட்டவரின் ஊர்ப்பெயரோடு ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

உவர்மலை: மிஸ்ஸியம்மாவில முதல் பானுமதிதான் நடிச்சவ எண்டு கதைக்கினம். உண்மையோ அண்ணை? எவ்வளவு எடுத்தாப் பிறகு மாத்தினவை?

உண்மைதான். விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்து 1955 இல் வெளியிட்ட படம். தயாரிப்பாளர் சக்ரபாணிக்கும் பானுமதிக்கும் ஒத்துவராமல் போனபோது நான்கு ரீல் முடிந்திருந்தது. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப்படம். வினாடிக்கு 24 பிரேம் ஓடும். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 90 அடி, ஆயிரம் அடி ரீல் ஒன்றுக்கு 11 நிமிடம். நான்கு ரீல் என்றால் முக்கால் மணி நேரம். மூன்று மணி நேரப் படத்தில் கால்வாசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாவது நாயகியாக எடுத்திருந்த சாவித்திரியைக் கதாநாயகி மேரி ஆக்கினார்கள். அவர் விட்ட இடம் ஜமுனாவுக்குப் போனது.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. 1950 இல் ‘சம்சாரம்’ படத்தில் கதாநாயகியாகப் போட்டுப் பார்த்து, டேக் மேல் டேக் வாங்குகிறார் என்று இதே சாவித்திரியை விலக்கிச் சின்ன வேடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தின் இயக்குநர் எல்.வி. பிரசாத். மிஸ்ஸியம்மாவுக்கும் அவர்தான்.

மேரி படம் முழுக்க எரிந்து விழுகிறவள். வேலைக்காக, பழக்கமே இல்லாத ஒருவனுக்கு மனைவி என்று பொய் சொல்லிக்கொண்டு ஓர் ஊரில் குடியிருக்க வேண்டிய நிலை. கோபத்தைக் கொஞ்சம் கூட்டினால் பார்க்கிறவனுக்கு வெறுத்துவிடும், குறைத்தால் கதையே நிற்காது. சாவித்திரி கோபத்தைக் குரலில் வைத்துவிட்டு, கண்ணில் களைப்பை வைத்தார்.

சாம்பல்தீவு: மாயாபஜார் தெலுங்குப் படத்துக்குத் தமிழ்க் குரல் போட்டதுதானே?

இல்லை. 1957 இல் தெலுங்கு மார்ச்சிலும் தமிழ் ஏப்ரலிலும் வந்தன. இரண்டுக்கும் தனித்தனியாகப் படம் பிடித்தார்கள். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி. லக்ஷ்மணகுமாரன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. சாவித்திரி அங்கே சசிரேகா, இங்கே வத்சலா. என்.டி. ராமராவின் கிருஷ்ணனும் ரங்காராவின் கடோற்கசனும் இரண்டிலும் உண்டு.

எந்தப் படத்தையும் சோதிக்க வழி இது. முகம் பெரிதாகத் தெரியும் காட்சி ஒன்றில் ‘ப’, ‘ம’ வரும் சொல்லைப் பிடியுங்கள். இந்த இரண்டு எழுத்துக்கும் உதடு ஒட்டாமல் முடியாது. ‘அம்மா’ என்று காதில் விழும்போது உதடு திறந்தே இருந்தால் அது குரல் மாற்றிய படம். ஒரு சொல்லோடு முடிவெடுக்க வேண்டாம், பத்துச் சொல்லாவது பாருங்கள். வாயசைவு தெரியாத தொலைக் காட்சிகளை விட்டுவிடுங்கள்.

2010 இல் வண்ணமாக்கப்பட்டது தெலுங்கு மாயாபஜார். தமிழ் என்று சொல்லி வண்ணத்தில் யாராவது தந்தால், மேலே சொன்ன சோதனையைப் போடுங்கள்.

அனுராதபுரச் சந்தி: யூரியூப்பில பாக்கேக்க சாவித்திரியின்ர குரல் கீச்செண்டு கேக்குது, முகமும் அகலமாத் தெரியுது. பழைய பிரதி எண்டபடியாலோ?

இதைக் கேட்டதற்கு நன்றி. பிரதி பழையது என்பதல்ல காரணம், மாற்றியவர்கள் செய்த பிழை. இரண்டு பிழைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது வேகம். பிலிம் வினாடிக்கு 24 பிரேம். எங்கள் பக்கத்துத் தொலைக்காட்சி முறையோ 25. பழைய வீடியோ நாடாக்களில் ஏற்றும்போது அந்த ஒரு பிரேமைச் சரிக்கட்டாமல் வேகமாக ஓட்டிவிட்டார்கள். படம் 4 சதவீதம் விரைவாக ஓடும். 160 நிமிடப் படம் 153 நிமிடம் 36 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். சாவித்திரி வசனத்துக்கு நடுவே விடும் இடைவெளிகள்தான் அவருடைய சொத்து. அவையும் சுருங்கிப் போகும்.

கண்டுபிடிக்கத் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். படத்தின் நீளம் அதில் இருக்கும். அடிக்கணக்கை 90 ஆல் வகுத்தால் நிமிடம். 14,400 அடி என்றால் 160 நிமிடம். உங்கள் பிரதி 153 அரை நிமிடம் ஓடினால் வேகம் கூடியது. 140 நிமிடம்தான் ஓடுகிறதென்றால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டோ நகைச்சுவையோ போயிருக்கும்.

திருத்துவது கணினியில் விஎல்சி பிளேயரில் இலகு. வேகத்தை 0.96 க்கு வையுங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு, ‘குரல் மாறவில்லையே’ என்கிறார்கள். காரணம், அந்த மென்பொருள் வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்து வைத்திருக்கும். டூல்ஸ், பிரிபரன்சஸ், ஓடியோ என்று போய் ‘எனேபிள் டைம் ஸ்ட்ரெச்சிங் ஓடியோ’ என்ற பெட்டியில் உள்ள சரியை எடுத்துச் சேமித்து, மூடித் திறவுங்கள். இப்போது குரல் இறங்கும்.

இரண்டாவது அகலம். அந்தக் காலப் படம் அகலம் நாலுக்கு உயரம் மூன்று என்ற சட்டம். இன்றைய ரீவி பதினாறுக்கு ஒன்பது. சட்டத்தை நிரப்புகிறோம் என்று இழுத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகும். சாவித்திரியின் நெற்றிப் பொட்டைப் பாருங்கள். வட்டப் பொட்டு முட்டை வடிவில் படுத்திருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. விஎல்சியில் ஆங்கில ஏ (A) விசையை அழுத்த அழுத்தச் சட்டம் மாறும். 4:3 வந்ததும் நிறுத்துங்கள்.

பொட்டு வட்டமாக இருந்தும் சட்டம் நிறைந்திருந்தால் இன்னும் மோசம்: மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். உயரத்தில் சரியாகக் கால்வாசி போய்விடும். எழுத்தோட்டத்தில் மேல்வரி பாதி தெரிந்தால் இதுதான். புருவத்தாலும் கைவிரலாலும் பேசுகிற நடிகைக்கு நெற்றியையும் கையையும் வெட்டினால் மிஞ்சுவது என்ன? இதைத் திருத்த முடியாது, வேறு பிரதி தேடுங்கள்.

நிலாவெளி: மாயாபஜாரில் எந்தக் கட்டத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம்?

கடோற்கசன் வத்சலாவின் உருவம் எடுக்கும் பகுதி. அங்கே சாவித்திரி நடிப்பது வத்சலாவை அல்ல, வத்சலாவின் உடம்புக்குள் இருக்கும் எஸ்.வி. ரங்காராவை. முதலில் ‘கல்யாண சமையல் சாதம்’ காட்சியைப் போடுங்கள். ரங்காராவின் தோள், நடை, சிரிப்பில் நெஞ்சு விரியும் விதம் மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு மாய வத்சலாவைப் போடுங்கள். அதே நெஞ்சு, அதே நடை. யாராவது எதிரே வந்ததும் சட்டென்று நாணம். நாணத்துக்கும் அரக்கனுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை வினாடியைச் சத்தத்தை நிறுத்தி ஒருமுறை பார்க்க வேண்டும்.

பாலையூற்று: பாசமலருக்கு ஏன் ஐயா அவவுக்குத் தேசிய விருது குடுக்கேல்லை?

அப்போது இந்தியாவில் நடிகைக்கென்று தேசிய விருதே இருக்கவில்லை. 1967 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அது தொடங்கியது. முதலில் வாங்கியவர் நர்கிஸ். 1961 இல் விருது படத்துக்குத்தான். அந்த ஆண்டு தேசிய விருதுப் பட்டியலில் ஏறிய கப்பலோட்டிய தமிழன், பாவமன்னிப்பு, பாசமலர் மூன்றிலும் சாவித்திரி இருக்கிறார்.

பாசமலரில் சாவித்திரி நடித்த தங்கை ராதாவைப் பற்றி ஒரு பயிற்சி சொல்கிறேன். அடுத்த ஆண்டு ‘ரக்த சம்பந்தம்’ என்று தெலுங்கில் எடுத்தார்கள். சிவாஜிக்குப் பதில் ராமராவ். தங்கை மட்டும் மறுபடி சாவித்திரியே. கடைசிக் காட்சி இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சிவாஜி பொங்கும்போது சாவித்திரி அடங்குகிறார், இடம் விட்டுக் கொடுக்கிறார். எதிரே ஆள் மாறியதும் தன் அளவையும் மாற்றுகிறார்.

கிண்ணியா: வாப்பாட பழைய இசைத்தட்டுகள் கொஞ்சம் கிடக்கு சேர். மிஸ்ஸியம்மாப் பாட்டும் இருக்கு. சாவித்திரி சொந்தமாப் பாடினவவா? தட்டுகளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம்! நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட்டில் உள்ள அற்ககோல் அரக்கைக் கரைக்கும். ஒருமுறை துடைத்தால் பள்ளங்கள் மங்கி, பாட்டு நிரந்தரமாகப் போகும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் (அசிட் கலந்தது அல்ல, போத்தலை வாசித்து வாங்குங்கள்) ஒரு லீற்றரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் வட்டத் திசையில் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தட்டு நெளியும். அடுக்கும்போதும் புத்தகம் போல நிமிர்த்தியே அடுக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று படுக்கவைத்தால் அடித்தட்டு வெடிக்கும்.

போட்டுக் கேட்க ஊசி முக்கியம். 78 க்கு முனை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. பிற்கால நீளத்தட்டுக்கான எல்பி ஊசி அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்; பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எடுத்துத் தரும். கைச்சாவி கிராமபோன் என்றால் இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். தேய்ந்த ஊசி தட்டைச் சீவிவிடும்.

சாவித்திரி பாடவில்லை. ‘வாராயோ வெண்ணிலாவே’ ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும். பிற்காலத்தில் பெரும்பாலும் சுசீலா. கல்யாண வீடுகளில் இன்றும் போடும் ‘வாராயென் தோழி’ பாசமலரில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் பிடிக்கும், ஆகவே படத்தில் கேட்ட சரணம் தட்டில் இல்லையென்றால் தட்டைக் குறை சொல்லாதீர்கள்.

டச்சுக்குடா: பாட்டுப் புத்தகங்கள் கடற்காத்தில துரு ஏறுது, என்ன செய்யலாம்?

துரு ஏறுவது தைத்த கம்பியில். அதை நகத்தால் இழுக்காமல், கால்களை மெல்ல நிமிர்த்திக் கழற்றுங்கள். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள். செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். லமினேற் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் நிழலில் விரித்து ஈரத்தைப் போக்கி, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்துவிட்டால் மாரியைத் தாண்டும். மாரிக்குள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

பலர்: ஜெமினி, குடி, கடைசிக் காலம்.

1952 இல் திருமணம். ஜெமினி ஏற்கெனவே மணமானவர். பிற்காலத்தில் பிரிவு, கடன், வருமானவரி, குடி, நீரிழிவு. 1980 மே மாதம் நினைவிழந்து, 19 மாதம் அப்படியே கிடந்து, 1981 டிசெம்பர் 26 இல் சென்னையில் காலமானார். இவ்வளவுதான். ‘நடிகையர் திலகம்’ (2018, தெலுங்கில் மகாநடி) பார்த்துவிட்டுக் கேட்பவர்களுக்கு: அதில் கீர்த்தி சுரேஷ் நன்றாகச் செய்திருக்கிறார், தேசிய விருதும் பெற்றார். ஆனால் அதில் திரும்ப எடுத்துக் காட்டிய காட்சிகளின் மூலத்தைப் பார்க்காமல் சாவித்திரியைப் பற்றிப் பேச வேண்டாம்.

உப்புவெளி: அவ இயக்கின படங்கள் ஏன் ஓடேல்லை?

எல்லாமே விழுந்தது என்று பேசுவது சரியல்ல. 1968 இல் ‘சின்னாரி பாப்பலு’வைப் பெண் கலைஞர்களை முன்னிறுத்தி எடுத்தார், இசை பி. லீலா. அது தமிழில் ‘குழந்தை உள்ளம்’ ஆனது. நட்டத்தில் தள்ளியது 1971 இல் வந்த ‘பிராப்தம்’. 1964 இல் தெலுங்கில் தானே நடித்து வென்ற ‘மூக மனசுலு’வைத் தமிழில் சிவாஜியோடு எடுத்தார். தயாரிப்பு, இயக்கம், கதாநாயகி மூன்றும் ஒரே ஆள். தனித் தயாரிப்பாளர் இருந்தால் ‘போதும், முடி’ என்று சொல்வார். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. படப்பிடிப்பு இழுபட இழுபட வட்டி ஏறும், நடிகையாக வரவேண்டிய சம்பளமும் அந்த நாட்களில் நின்றுவிடும்.

மட்டிக்களி: ஞாயிறு பத்துப் பேர் சேர்ந்து பாக்கப் போறம். ஒரே ஒரு படம் சொல்லுங்கோ.

நவராத்திரி, 1964. சிவாஜியின் நூறாவது படம், ஒன்பது வேடம். எல்லோரும் அந்த ஒன்பதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எதிரே நிற்கும் ஒருத்தியை எண்ணுங்கள். ஒன்பது பேருக்கும் ஒன்பது விதமாக முகம் கொடுக்கிறார். தெருக்கூத்துக் கட்டத்தில் யாரையும் கதைக்க விடாதீர்கள். 1966 இல் நாகேஸ்வரராவோடு தெலுங்கிலும் அதே வேலையைத் திரும்பச் செய்தார். ஞாயிறு தொடங்குமுன் பொட்டைப் பார்த்துச் சட்டத்தைச் சரிசெய்ய மறக்காதீர்கள்.