மெண்டிலிபார் பற்றிக் கேளுங்கள்: செஸ்தாவோ முதல் ஏதென்ஸ் வரை

இந்த வாரம் உங்கள் கால்பந்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நான் உட்கார்கிறேன். ஆள், ஸ்பெயின் நாட்டுக் கோச் ஹோசே லூயிஸ் மெண்டிலிபார். ஸ்பெயினின் முதல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 62 வயதில் ஸ்பெயினின் செவில்லாவுக்கு யூரோப்பா லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பை), மறு வருஷமே கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்குக் கான்ஃபரன்ஸ் லீக் (மூன்றாம் நிலைக் கோப்பை) வென்று கொடுத்தவர். ஸ்பெயினின் கீழ் டிவிஷன்கள், வடக்கே உள்ள பாஸ்க் பகுதி கிளப்புகள் பற்றியும் கேட்கலாம். டிரான்ஸ்ஃபர் வதந்தி, பந்தய டிப்ஸ், மெஸ்ஸியா ரொனால்டோவா: இந்த மூன்றுக்கும் பதில் கிடையாது.

ஒன்பதாம் நம்பர்: அண்ணா, பிளேயரா அவர் எப்படி? பேரே கேள்விப்பட்டதில்லையே.

கேள்விப்பட்டிருக்க வழியில்லை தம்பி. 1961 மார்ச் 14இல் பாஸ்க் பகுதியின் விஸ்காயா மாகாணத்துச் சல்திபாரில் பிறந்தார். அந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லாருக்கும் அத்லெட்டிக் பில்பாவோ சட்டைதான் கனவு. அவரும் அந்த அகாடமிக்குள் போனார், ரிசர்வ் அணியான பில்பாவோ அத்லெட்டிக் வரை வந்தார். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. லோக்ரோன்யெஸ் போய்விட்டு, பிறகு செஸ்தாவோவில் பல வருஷம் மிட்ஃபீல்டராக ஆடினார்.

செஸ்தாவோ பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். நெர்வியோன் ஆற்றின் இடது கரை, இரும்பாலை ஊர். ஊது உலைத் தொழிலாளிகள் ஷிஃப்ட் முடிந்து லாஸ் யானாஸ் மைதானத்துக்கு வருவார்கள். மழை, சேறு, குறுகலான கேலரி. அங்கே பந்தை அழகு பார்த்துக்கொண்டு நின்றால் எதிராளியை விட முதலில் நம் ஆளே கத்துவான். 80களின் நடுவில் அந்த அணிக்குக் கோச் ஹாவியேர் இருரேத்தா, 2000இல் டெபோர்ட்டிவோவுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த அதே இருரேத்தா. 1985-86 சீசனில் மெண்டிலிபாரோடு அங்கே ஆடியவர் எர்னெஸ்டோ வல்வெர்டே. இரண்டாம் டிவிஷனில் ஒரு சின்ன ஊர் டீம், உள்ளே எத்தனை கோச்சுகள் பாருங்கள். அந்தக் கிளப் 1996இல் கடனில் கலைந்துபோனது. இப்போது அந்த ஊரில் ஆடுவது செஸ்தாவோ ரிவர்.

கோவைக்காரன்: சார், சென்னை சிட்டிக்கு ஆடின ஸ்பெயின்காரங்களும் இந்த மாதிரிக் கீழ் டிவிஷன் ஆட்களா?

ஆமாம். 2018-19இல் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் ஜெயித்த அணியில் பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா எல்லாரும் ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் புழங்கியவர்கள். இவர்கள் இங்கே வந்து எப்படி இவ்வளவு எளிதாக ஆடினார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். பதில் அந்த லீக் அமைப்பில் இருக்கிறது. 2021 வரை இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே செகுந்தா பே என்று ஒன்று இருந்தது. பல காலம் 4 பிரிவு, 80 அணி. மேலே போக வழி ரொம்பக் குறுகல், ஆட்டம் தெரிந்த ஆட்கள் ரொம்ப அதிகம். இந்திய லீக்குகளுக்கு வந்த ஸ்பானிஷ் கோச்சுகள் பலரும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். மனோலோ மார்க்கேஸ் பற்றித் தனியாக ஒரு அமர்வு வைப்போம், இன்று வேண்டாம்.

ஆர்சனல் அடிமை: இவரை பார்சா எடுக்குமா?

மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

கடைசி பெஞ்ச்: கோச் ஆனது எப்படிண்ணே? நேரா எய்பாரா?

இல்லை, படிப்படியாக. அராட்டியா என்ற சின்ன கிளப்பில் ஆரம்பம். பிறகு அத்லெட்டிக்கின் கிளை அணியான பாஸ்கோனியா, கேனரித் தீவில் லான்சரோட்டே என்று சுற்றினார். 2004-05இல் பாஸ்க் பகுதியின் சின்ன ஊர் கிளப்பான எய்பார், அப்போது இரண்டாம் டிவிஷன். அந்த வருஷம் வலென்சியாவிலிருந்து லோனில், அதாவது கடனாக, வந்த ஒல்லிப் பையன் பெயர் டேவிட் சில்வா, பின்னாளில் ஸ்பெயின் அணி நட்சத்திரம். எய்பார் நான்காவதாக வந்தது, முதல் டிவிஷன் மயிரிழையில் தவறியது.

அதைப் பார்த்து அத்லெட்டிக் கூப்பிட்டது. ஆடும் காலத்தில் கிடைக்காத சட்டை, கோச்சாகக் கிடைத்தது. 9 லீக் ஆட்டம்தான். 2005 அக்டோபர் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் அங்கேயே ஒடிந்திருப்பார்கள். இவர் மறு வருஷம் வல்லாடோலிட் போனார், இரண்டாம் டிவிஷனில் 88 புள்ளி எடுத்து, சீசன் முடியப் பல வாரம் இருக்கும்போதே அணியை மேலே ஏற்றினார். எய்பாரில் தன்னிடம் ஆடிய ஹோசேபா யோரென்டேயை அங்கேயும் வைத்திருந்தார். 2008 ஜனவரியில் எஸ்பான்யோலுக்கு எதிராக 8 விநாடி ஆவதற்குள் கோல் போட்டாரே, அவர்தான். ஆட்டம் தொடங்கிய விநாடியே நேராக கோலை நோக்கிப் போ என்பது அந்த டீமின் குணம்.

பிறகு ஒசாசுனா: 2011 பிப்ரவரியில் ஏற்றார், காப்பாற்றினார், அடுத்த சீசனில் 7ஆம் இடம். லெவாந்தே: அக்டோபரோடு முடிந்தது. 2015இல் மறுபடி எய்பார், ஆறு சீசன்.

ஒரு எச்சரிக்கை, இன்று பல தடவை சொல்வேன். ஒரு கோச்சை எடை போடும்போது கோப்பைப் பட்டியலைப் பார்க்காதீர்கள், எந்தத் தேதியில் பொறுப்பேற்றார் என்று பாருங்கள். ஜூலையில் ஏற்பவருக்கு ஆறு வாரப் பயிற்சி, தனக்குப் பிடித்த ஆட்களை வாங்கும் வசதி எல்லாம் உண்டு. மார்ச்சில் ஏற்பவருக்கு ஒரு விசில் மட்டும்.

டிக்கிடாக்கா தாசன்: மன்னிக்கணும், ரொம்பத்தான் தூக்கி வைக்கிறீங்க. செவில்லா அதுக்கு முன்னாடியே ஆறு தடவை யூரோப்பா ஜெயிச்ச டீம். அந்தக் கோப்பை அவங்க வீட்டுப் பொருள். இவர் போய் பெஞ்ச்ல உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆட்டமும் என்ன? தூக்கி அடி, துரத்து.

வாருங்கள் தாசன், உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

தேதி: 2023 மார்ச் 21. அந்த சீசனில் செவில்லாவுக்கு அவர் மூன்றாவது கோச். லோபெதேகி போய், சம்பாவோலி போய், அணி 14ஆம் இடத்தில், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் இடத்திலிருந்து 2 புள்ளி தூரத்தில் நின்றது. அதே யூசஃப் என்-நெசிரி, அதே நவாஸ், அதே ராகிடிச். ‘வீட்டுப் பொருள்’ அப்போது எங்கே போயிருந்தது?

அவர் செய்தது குழப்பத்தைக் குறைத்தது. ஆளாளுக்குப் பழகிய இடம், விங்கிலிருந்து கிராஸ், நடுவில் என்-நெசிரி, பந்து போனால் அங்கேயே நெருக்கு. மூன்று நாளில் மூளையில் ஏறும் பாடம். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 2-2 என்று வந்ததற்கு அவர்களின் வீரர்கள் மலாசியாவும் மக்வயரும் போட்ட சொந்தக் கோல்கள் காரணம், அது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வந்த யுனைடெட்டை 3-0 என்று அடித்தது? யுவெண்டஸை எக்ஸ்ட்ரா டைமில் வென்றது? புடாபெஸ்ட் ஃபைனலில் டிபாலா கோலுக்குப் பின்னால் இருந்து வந்து, பெனால்டியில் ரோமாவை 4-1 என்று முடித்தார்கள். ரோமாவின் கோச் மொரின்யோ ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் தோற்றது அதுதான் முதல் தடவை. எல்லாமே அதிர்ஷ்டம் என்றால் அந்த அதிர்ஷ்டத்தை எங்கே விற்கிறார்கள் என்று மற்ற கோச்சுகளுக்கும் சொல்லுங்கள்.

வடசென்னை விங்கர்: தாசன் அண்ணனுக்கு ஒண்ணு. தூக்கி அடிக்கிறதும் இதுவும் வேற. தூக்கி அடிக்கிற டீம் பின்னாடி நிக்கும். எய்பார் டிஃபென்ஸ் நடுக்கோட்டுலல்ல நிக்கும்?

அதேதான். சரியாகப் பிடித்தீர்கள். நீளப் பந்து போகிறது என்பதை மட்டும் பார்த்தால் பாதி ஆட்டம் தெரியாது. பந்து விழும் இடத்தில் இவர்கள் நாலு பேர் ஏற்கெனவே நிற்பார்கள். முதல் தலையடி யாருக்குப் போனாலும் சரி, சிதறும் இரண்டாவது பந்து இவர்களுக்கு. பின்னால் டிஃபென்ஸ் லைன் மேலே ஏறி நிற்பதால் எதிரணிக்குச் சுவாசிக்க இடமில்லை, ஆஃப்சைடில் மாட்டுவார்கள். 2018 நவம்பரில் தன் இபுருவா மைதானத்தில் ரியல் மாட்ரிட்டை 3-0 என்று எய்பார் அடித்த ஆட்டம் இதற்குப் பாடப் புத்தகம். இடது பக்கம் அன்று ஓடித் தீர்த்த லோன் பையன் மார்க் குக்குரெயா.

சைக்கிள் பைத்தியம்: சார், எய்பார்னா ஆர்பியா சைக்கிள் ஊர்தானே?

அந்தக் கம்பெனி பிறந்த ஊர். முதலில் துப்பாக்கி செய்தார்கள், பிறகு சைக்கிள். இன்றும் கிளப்புக்குப் பட்டப்பெயர் துப்பாக்கிக்காரர்கள். ஊர் ஜனத்தொகையே சுமார் 27,000. மைதானத்தில் 8,000 பேர் உட்காரலாம். அப்படிப்பட்ட ஊரை 2017-18இல் லா லிகாவில், அதாவது ஸ்பெயினின் முதல் டிவிஷனில், 9ஆம் இடத்தில் நிறுத்தினார். ஒரு கோப்பைக்கு அது குறைந்ததில்லை என்பேன்.

புதுசு: பெரிய பிளேயரா இல்லாம எப்படி பெரிய கோச் ஆக முடியும்?

ஆனார்.

டிக்கிடாக்கா தாசன்: நான் விடமாட்டேன். சரி, வந்ததும் ஜெயிக்கிறார். தங்குறாரா? செவில்லா அக்டோபர்லயே தூக்கிட்டாங்க. அலாவெஸ் மூணு மாசம் சொச்சம். எய்பாரும் 2021இல் கடைசி இடத்துல இறங்குச்சு. மருந்து மாதிரி, முதல் டோஸ் மட்டும் வேலை செய்யுது.

இது நல்ல வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

எளிமையான ஆட்டத்தை எதிரணி சீக்கிரம் படித்துவிடும். நெருக்கடியில் பயந்து ஓடும் வீரர்கள், கோப்பை வாங்கிய பிறகு அதே வேகத்தில் ஓடமாட்டார்கள். வேகம் 10 சதவீதம் குறைந்தால் அந்த உயர லைன் தற்கொலைக்குச் சமம். ஒலிம்பியாகோஸிலேயே பாருங்கள்: 2024 பிப்ரவரி 11இல் ஏற்றார். மார்ச்சில் சொந்த ஊரான பிரேயஸில் மக்காபி டெல் அவிவிடம் 1-4 தோல்வி. ஒரே பந்தில் டிஃபென்ஸ் பிளந்தது. ஆனால் மறு ஆட்டம், செர்பியாவில், எக்ஸ்ட்ரா டைமில் 6-1 வெற்றி. ஒரு வாரத்தில் ஆட்டமுறையை அவர் மாற்றவில்லை, அதையே இன்னும் இறுக்கமாக ஆடினார்கள்.

மறு பாதிக்கு வருகிறேன். எய்பாரில் ஆறு வருஷம் மருந்து வேலை செய்ததே, அது எப்படி? ஆட்டமுறைக்கு ஏற்ற ஆட்களைக் கிளப் வாங்கித் தந்தது, அவசரப்படவில்லை. ஒலிம்பியாகோஸும் அப்படித்தான்: 2025இல் லீக்கும் கோப்பையும் சேர்த்து வென்றார்கள். ஆக ‘தங்குவதில்லை’ என்பது அவர் குறை மட்டுமில்லை, தங்கவிடாத கிளப்புகளின் குறையும்தான். நாம் இருவரும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை, அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

மிட்நைட் மேட்ச்: பெரிய பிளேயரா இல்லாம கோச் ஆனவங்க வேற யாரு சார்?

மறுபடி அதே மாதிரிக் கேள்வி, ஆனால் இவர் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டதால் சொல்கிறேன். ரஃபா பெனிட்டஸ்: பார்லா, லினாரெஸ் என்று கீழ் டிவிஷன்களில் ஆடினார், காயம். உனாய் எமெரி: லா லிகாவில் 5 ஆட்டம், மீதி டொலேடோ, ஃபெரோல், லெகானெஸ். லோர்கா அணியில் முழங்கால் போனபோது, 2004-05 சீசன் நடுவே அதே அணிக்குக் கோச் ஆக்கினார்கள், அந்த வருஷமே இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். எமெரியின் தாத்தா ரியல் யூனியன் கோல்கீப்பர். 1929இல் லா லிகாவின் வரலாற்றிலேயே முதல் கோலை வாங்கியவர். குடும்பப் பெருமை எந்தெந்த வடிவத்தில் எல்லாம் வருகிறது!

பெட்டிங் ராஜா: ஒலிம்பியாகோஸ் அடுத்த மேட்ச் எத்தனை கோல்?

வெளியே.

ஒன்பதாம் நம்பர்: எமெரியும் இவரும் மோதினாங்களா அண்ணா?

மோதினார்கள், 2024 கான்ஃபரன்ஸ் லீக் செமிஃபைனல். எமெரியின் ஆஸ்டன் வில்லாதான் கோப்பையை வெல்லப்போகும் அணி என்றார்கள். முதல் ஆட்டம் வில்லா பார்க்கில் 4-2 ஒலிம்பியாகோஸுக்கு, அயூப் எல் காபி ஹாட்ரிக். பிரேயஸில் 2-0, இரண்டும் அவரே. ஃபைனல் மே 29, ஏதென்ஸ், எதிரணி ஃபியோரென்டினா. 116ஆம் நிமிஷம் ஹெஸ்ஸே கிராஸ், எல் காபி குனிந்து தலையால் தட்டினார். நாக் அவுட்டில் மட்டும் அவருக்கு 11 கோல். கிரேக்கக் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கியது அதுவே முதல். 1971இல் பானாதினைகோஸ் ஃபைனல் வரை போய் அயாக்ஸிடம் தோற்றிருந்தது.

வடசென்னை விங்கர்: ஒரே ஒரு மேட்ச் பார்க்கணும்னா எது?

அந்த வில்லா பார்க் ஆட்டம். பந்தைப் பார்க்காதீர்கள். முதல் அரை மணி நேரம் எல் காபி எங்கிருந்து ஓட்டத்தை ஆரம்பிக்கிறார் என்று மட்டும் பாருங்கள். வில்லாவும் உயர லைன் வைக்கும் டீம். இருபது வருஷமாக அதே லைனை வைத்துச் சோறு சாப்பிட்டவருக்கு அதன் ஓட்டை எங்கே என்று தெரியாதா? தாசனும் பார்த்துவிட்டு வரட்டும்.