ட்ராமாங்கற மனக்காயம் பத்தி கேளுங்க: சைக்கோதெரபிஸ்ட் பதில்கள்

கே: அக்கா, எனக்கு ஒரு கொடுமை நடந்து பத்து வருஷம் ஆச்சு, மறந்துட்டேன்னுதான் நெனச்சேன். ஆனா யாராவது பின்னாடி வந்து நின்னா உடம்பு வெறைச்சுப் போகுது, ஏன்?

ப: மனசு மறந்தாலும் உடம்பு காவல் காத்துக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னா அது எதிர்க்கும், ஓடும், ரெண்டும் முடியலன்னா உறைஞ்சு போகும், இதெல்லாம் நீங்க யோசிச்சு எடுக்குற முடிவே இல்ல. அன்னைக்கு ஏன் கத்தலன்னு உங்களையே திட்டிக்கிட்டு இருந்தா தயவுசெஞ்சு நிறுத்துங்க, அது உங்க தப்பு இல்ல. உடம்பும் இப்படிக் காவல் காக்கறதாலதான் நடந்ததை மட்டும் கேக்காம தூக்கம், பசி, மூச்சு, வலி, கூட யார் இருக்காங்க எல்லாத்தையும் கேப்பேன்.

கே: மேடம், சமூகம் பண்ற கொடுமையையும் சேர்த்துப் பாக்குற, ஒடுக்குமுறைக்கு எதிரான தெரபின்னு சொல்றீங்களே, தெரபில எதுக்கு அரசியல்?

ப: 1851ல சாமுவேல் கார்ட்ரைட்னு ஒரு அமெரிக்க டாக்டர், அடிமைங்க தப்பிச்சு ஓடுறதையே மனநோய்னு சொல்லி ட்ராபெட்டோமேனியான்னு பேரும் வச்சாரு. தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க சைக்கியாட்ரி (மனநல மருத்துவ) சங்கம் நோய்ப் பட்டியல்ல இருந்து எடுக்க முடிவு பண்ணினதே 1973லதான். அரசியல் ஏற்கனவே உள்ளதாங்க இருக்கு, அது யார் பக்கம் நிக்குதுங்கறதுதான் கேள்வி. பிறப்பையோ நிறத்தையோ சொல்லி தினம் அவமானப்படுத்துற இடத்துல வேலை பாக்குறவங்ககிட்ட மூச்சை இழுத்து விடுங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினா, கோளாறு உங்ககிட்டதான்னு நானும் சேர்ந்து சொன்ன மாதிரி ஆயிடும்.

கே: முதல் நாளே எல்லாத்தையும் சொல்லணுமா டாக்டர்? பயமா இருக்கு.

ப: நான் டாக்டர் இல்லைங்க, சைக்கோதெரபிஸ்ட், பேச்சு மூலமா மனசுக்கு உதவுறவ. சொல்லவே வேண்டாம். ஜூடித் ஹெர்மன்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1992லயே மூணு கட்டமா எழுதிட்டாங்க, முதல்ல பாதுகாப்பு, அப்புறம்தான் நடந்ததை நெனச்சு அழுது தீர்க்கறது, அப்புறம் மனுஷங்களோட திரும்பச் சேர்றது. முன்ன பின்ன போகும், பரவாயில்ல. அடிக்கிறவரோட இன்னும் அதே வீட்டுல இருக்கீங்கன்னா பழசைக் கிளறக் கூடாது, நீங்க பத்திரமா இருக்க வழி பாக்குறதுதான் முதல் வேலை.

கே: என்னைக் காயப்படுத்தினவரை மன்னிச்சாதான் குணமாகுமா?

ப: இல்ல. மன்னிக்கறதும் மன்னிக்காததும் உங்க இஷ்டம்.

கே: மாத்திரை சாப்பிடுறேன், தெரபிக்கு வந்தா நிறுத்திடலாமா?

ப: நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் கொடுத்தவர்கிட்ட பேசுங்க. ரெண்டும் சேர்ந்தே போகலாம்.

கே: தெரபிஸ்டே அதிகாரம் பண்ற மாதிரி தோணினா என்ன பண்றது?

ப: அந்தத் தோணலை நம்புங்க. நேரத்தை முடிவு பண்றது நாங்க, நோட்ல எழுதுறது நாங்க, அப்போ அதிகாரம் எங்க கையில இருக்கத்தான் செய்யுது. என்ன எழுதுனீங்கன்னு கேளுங்க, இந்தப் பயிற்சி வேணாம்னு சொல்லுங்க. அதுக்குக் கோவப்பட்டா வேற ஆளைப் பாருங்க, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.