நுவரெலியாவில் கூடுதல் பணம் கட்டி பிரீமியம் அறைக்கு மாறுவது பிரயோசனமா?

ஆகஸ்ட் விடுமுறைக்கு வயதான அப்பா அம்மாவோடும் சின்னப் பிள்ளைகளோடும் நுவரெலியா போகிறீர்கள். வாவிக்குப் பக்கத்தில் படகும் குதிரைச் சவாரியும் பிள்ளைகள் விளையாட இடமும் உள்ள ஒரு ஹோட்டலில் அறை பதிந்திருக்கிறீர்கள். இன்னும் 10,000 ரூபா கட்டினால் ‘பிரீமியம் லேக் வியூ’ அறை தருவதாகச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில், அதுவும் வயதானவர்களோடு போகும்போது, கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே மாதிரி ஓர் அறைக்கு இதே மாதத்தில் காசு கட்டி, என் அம்மாவை ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்க வைத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேலை கொழும்பில். அம்மா கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவர். அவருக்கு நுவரெலியா என்றால், வசந்த காலத்தில் தோட்டத்து லொறியில் ஏறி வந்து, வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்ட முன் திரும்பிப் போகிற ஊர். ஒரு நாளைக்காவது அங்கேயே தங்க வேண்டும், ராத்திரியில் லைட் எல்லாம் தண்ணீரில் தெரிவதைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். அந்த ஆசைக்காகத்தான் போனோம். நானும் அம்மாவும் ஓர் அறை, தம்பி குடும்பம் ஓர் அறை. இரண்டும் சாதாரண அறைகள்தான்.

ரிசப்ஷனில் இருந்தவர் போனில் ஒரு போட்டோ காட்டினார். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, அதற்கு வெளியே வாவி முழுதாக, படகுகளோடு. மேல் மாடியில் அப்படி ஓர் அறை காலியாக இருக்கிறது, பத்தாயிரம் கூடக் கட்டினால் மாற்றித் தரலாம் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், சரி என்றேன்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியோடு அம்மா ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். பெல்கனிக் கதவைத் திறந்தால், நேரே பக்கத்துக் கட்டடத்தின் தகரக் கூரையும் அதன் மேல் ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கியும். பெல்கனியின் வலது மூலைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், தாங்கிக்கும் சுவருக்கும் இடையில் வாவி ஒரு கை அகலத்துக்குத் தெரிந்தது. போட்டோவில் பெல்கனிக் கம்பி வெள்ளை நிறம். நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றது மண்ணிறம், அந்தப் பெயின்டும் உரியத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கட்டடம் எழும்ப முன் எடுத்த போட்டோ அது. நாலு மணி ஆகும்போது பனிமூட்டம் இறங்கி அந்தக் கை அகலத்தையும் மூடிவிட்டது.

“இதுக்கா புள்ள தனியா காசு கட்டுன?” என்றார் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. காசு போய்விட்டதே என்ற கவலையோடு கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ராத்திரி இன்னும் மோசம். ஜன்னல் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று வந்து திரைச்சீலை அசைந்துகொண்டே இருந்தது. ஹீட்டர் கேட்டோம். சின்ன ஃபேன் ஹீட்டர் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். போட்டவுடனே ட்ரிப் ஆகி அறை முழுக்க இருட்டு. குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வெதுவெதுப்பாக நூல் மாதிரி வந்தது, பிறகு அதுவும் பச்சைத் தண்ணீர். கடைசியில் அம்மா கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு போத்தலில் ஊற்றி மூடி, துவாயில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு படுத்தார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் எங்களுக்குச் செய்கிற வேலை அது. அதை அவர், மகள் காசு கட்டிக் கூட்டிவந்த ஹோட்டலில் தனக்கே செய்துகொண்டார்.

கீழ் மாடியில் தம்பியின் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அதே கட்டில், அதே மெத்தை, அதே கேத்தல், அதே தேயிலைப் பைகள். சுவரில் மாட்டியிருந்த படம் கூட ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் அங்கே ஜன்னல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருந்தது, குழாயில் ஆவி பறக்கச் சுடுதண்ணீர் வந்தது. பிள்ளைகள் குளித்துவிட்டுத் தூங்கியே விட்டார்கள்.

இது அந்த ஒரு ஹோட்டலின் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் தண்ணீர்த் தாங்கி கூரையில்தான் இருக்கிறது, தண்ணீர் தன் பாரத்தில் கீழே இறங்குகிறது. பிரெஷர் பம்ப் போடாவிட்டால் மேல் மாடிக்குத்தான் அழுத்தம் குறைவு, ஏனென்றால் தாங்கிக்கும் குழாய்க்கும் இடையில் உயரமே இல்லை. சுடுதண்ணீர் சோலாரில் என்றால், நாள் கணக்கில் வெயில் முகம் காட்டாத மழைக்காலத்தில் அது சூடாகாது. கரண்டில் சூடாக்கும் வசதி அதோடு சேர்ந்திருந்தால்தான் உண்டு. மேல் மாடி கூரைக்கு நேர் கீழே இருப்பதால் ராத்திரிக் குளிரும் முதலில் அங்கேதான் இறங்கும். வியூ என்று கூடக் காசு வாங்குவது பெரும்பாலும் மேல் மாடிக்கு. சுடுதண்ணீரும் கதகதப்பும் முதலில் கைவிடுவதும் மேல் மாடியைத்தான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊரில் வயதானவர்களுக்கு எது முக்கியம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது மாதம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அதற்கு முகம் கொடுக்கிற பக்கம். அந்த மாதங்களில் மழையும் மூட்டமும் காற்றும் சகஜம். ஜன்னலில் இருந்து என்ன தெரியும் என்று எந்த மெனேஜராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அதே நேரம் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் போனால், வெலிமடை, பண்டாரவளை, எல்ல எல்லாம் காய்ந்த காலம். ஆகஸ்டில் வியூவுக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும் என்றால் எல்லவில் மலை இடுக்கைப் பார்த்த ஓர் அறைக்குச் செலவழியுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. நுவரெலியாவில் வியூ அறைக்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. பகலில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் ராத்திரியில் புல்லில் பனி உறைகிற அளவுக்குக் குளிரும் அப்போதுதான். ஏப்ரலில் வசந்த காலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே நிறைந்து வழியும், சாதாரண அறையின் விலையே எங்கேயோ போய்விடும். அந்த நேரத்தில் அதற்கு மேலும் கட்டச் சொன்னால் நான் கட்ட மாட்டேன்.

பத்தாயிரம் என்றார்களே, அது பத்தாயிரம் அல்ல. ‘ப்ளஸ் ப்ளஸ்’ என்று சொன்னால் அதற்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைக்கு 18 வீதம் வெட் (பெறுமதி சேர் வரி). 2024 ஜனவரி முதல் வெட் 18 வீதம். 10,000 முதலில் 11,000 ஆகும், பிறகு 12,980 ஆகும். வேறு சின்ன வரிகளும் சில பில்களில் ஏறும். ஆகவே கேட்கும்போதே “எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு?” என்று கேளுங்கள், அந்தத் தொகையை மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள்.

டீலக்ஸ், சுப்பீரியர், பிரீமியம் என்பதெல்லாம் அந்தந்த ஹோட்டல் தானே வைத்துக்கொள்ளும் பெயர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஹோட்டலுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கிறது, அது ஹோட்டலுக்குக் கொடுக்கும் தரம். ஓர் அறைக்கு என்ன பெயர் வைத்து எவ்வளவு கூட வாங்கலாம் என்பது ஹோட்டலின் முடிவு. அதனால் பெயரை விட்டுவிட்டுப் பொருளைக் கேளுங்கள். எத்தனையாம் மாடி, லிஃப்ட் இருக்கிறதா, ஜன்னலுக்கு முன்னால் என்ன கட்டடம் நிற்கிறது, சுடுதண்ணீர் கரண்டிலா சோலாரிலா, ஹீட்டர் அறையிலேயே இருக்கிறதா. போட்டோ என்றால் உங்களுக்குத் தரப்போகும் அதே நம்பர் அறையில் இருந்து அன்று எடுத்த போட்டோ. அங்கே போன பிறகு மாற்றச் சொன்னால், காசு கட்ட முன் மேலே ஏறி அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நல்ல ஹோட்டல்காரர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

‘டீ எஸ்டேட் வியூ’ என்று விற்கிற அறைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சற்று வெளியேதான். அந்தப் போட்டோக்களில் பச்சை மட்டும்தான் இருக்கும், லயங்கள் இருக்காது. காலையில் கூடையோடு மலைக்கு வருகிற பெண்களை பெல்கனியில் நின்றபடி கேட்காமலே போட்டோ எடுக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிற நீங்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். கீழே இறங்கிப் போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டு எடுங்கள். என் அம்மா அந்த வரிசையில் நின்றவர், அதனால் சொல்கிறேன்.

எங்கள் விஷயம் எப்படி முடிந்தது என்றும் கேட்பீர்கள். அன்று ராத்திரியே அறையை மாற்றச் சொன்னேன், கீழே காலியாக எதுவும் இல்லை என்றார்கள். ராத்திரி டியூட்டியில் இருந்த பையன் நானுஓயாப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. “மிஸ், ரூமுக்குப் பேரு வைக்கிறது நாங்க இல்ல” என்று சொல்லிவிட்டு, தானே போய் இரண்டு கம்பளி கொண்டுவந்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டுப் போனான். அவனோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை, பிடிக்கவும் கூடாது. இந்த ஹோட்டல்களில் வேலை செய்கிற நிறையப் பேர் எங்கள் பிள்ளைகள்தான். முறைப்பாட்டை மெனேஜ்மென்டிடம்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் மெனேஜர் வந்தார். ஒரு தட்டுப் பழமும் அடுத்த தடவைக்கு ஒரு விலைக்கழிவும் தருவதாகச் சொன்னார். அடுத்த தடவை வரப்போவதில்லை, கட்டிய வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். பில்லில் கழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவர்கள் காட்டிய போட்டோவையும் அதே மூலையில் நின்று நான் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பில்லோடு ஈமெயில் அனுப்பினேன். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப்போகிறேன் என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். பாதித் தொகை வங்கிக்கு வந்தது. மீதிப் பாதிக்கு மன்னிப்புக் கடிதம். நீங்கள் போகும்போது ஏதாவது இப்படி நடந்தால் அங்கே இருக்கும்போதே போட்டோ எடுங்கள், பில்லில் அறையின் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகார சபையின் இலக்கம் 1977. காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பது பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவது. அந்த அதிகார சபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: பதிந்த சாதாரண அறையையே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே போன் பண்ணி, கீழ் மாடியில், படி இல்லாமல், கரண்டில் சுடுதண்ணீர் வருகிற அறையாகத் தரச் சொல்லுங்கள். வாவியை அறையில் இருந்து பார்க்க வேண்டியதில்லை. காலையில் மூட்டம் விலகி இருக்கிற நேரத்தில் அப்பா அம்மாவை வாவிக்கரையில் மெதுவாக நடக்கக் கூட்டிப் போங்கள், பிள்ளைகள் படகில் போகட்டும். மிச்சம் பிடிக்கிற 13,000 ரூபாவுக்கு ஒரு வேன் பேசி, பதுளை ரோட்டில் சீதா எலிய அம்மன் கோயிலுக்கும், அங்கிருந்து ஹக்கல பூங்காவுக்கும் போய் வரலாம். பூங்காவில் ஏற்றம் இறக்கம் இருக்கிறது, அதனால் பெரியவர்களைக் கீழ்ப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு கம்பளி கூடக் கேளுங்கள். எங்களுக்கு அதற்குக் காசு எடுக்கவில்லை.